கறுப்பு ஒயர்

திண்டிவனம்
11-11-2024

மதிப்பிற்குரிய மாது ஐயா அவர்களுக்கு,

பிரியதர்ஷினியின் அறிவியல் டீச்சர் சுசித்ரா எழுதுகிறேன். மூன்று வாரமாக உங்கள் போனுக்கு முயன்றேன், அணைத்தே இருக்கிறது. அதனால்தான் கடிதம். எழுதிப் பழக்கம் விட்டுப்போய்விட்டது, தவறாக ஏதாவது எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அடக்கத்தன்று உங்கள் வீட்டுக்கு வந்தேன். வாசல் முழுக்க நம் பள்ளிக்கூடப் பிள்ளைகள். ராணியம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "டீச்சர், எம் புள்ள உங்க பேரச் சொல்லாத நாளே இல்லீங்களே" என்று அழுதார்கள். யாரிடமும் சொல்லாமல் நடந்துபோய் ஏரியூர் பஸ்ஸில் ஏறிவிட்டேன். மறுநாளிலிருந்து மருத்துவ விடுப்பு. இப்போது என் அம்மா வீட்டில் இருக்கிறேன். பதினாறாம் நாள் காரியத்துக்கு வராததற்கு நீங்கள் என்னை மன்னிக்க வேண்டும்.

எட்டு வருடமாகப் பத்தாம் வகுப்புக்கு அறிவியல் நடத்துகிறேன். கேள்வி கேட்கிற பிள்ளைகளை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். வெப்பப் பாடம் நடத்திய அன்று உங்கள் மகள் எழுந்து, "டீச்சர், டீ ஆறிப்போனா அந்தச் சூடு எங்க போவுது? அதத் திரும்பப் புடிச்சாந்து டீக்குள்ள உட முடியாதா?" என்று கேட்டாள். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். "வெப்ப இயக்கவியல் பதினொன்றாம் வகுப்பில் வரும், அதுவரைக்கும் பொறு" என்றேன். "சரிங்க டீச்சர், எனக்கு சயின்ஸ் குரூப்தான்" என்று உட்கார்ந்துவிட்டாள். இரண்டு நிமிடம் நின்று பதில் சொல்லியிருக்கலாம்.

என்ன உதவி வேண்டுமானாலும் எழுதுங்கள்.

வருத்தத்துடன்,
சு. சுசித்ரா


கருங்கல்மேடு, ஏரியூர் வழி
22-11-2024

டீச்சருக்கு மாது எழுதிக்கொண்டது.

உங்கள் கடிதம் வந்தது. போனை இனி நான் போடப்போவதில்லை. எழுதினால் எழுதுங்கள்.

உதவி கேட்டிருந்தீர்கள். பணம் காசு வேண்டாம். ஒரு பதில் வேண்டும்.

நடந்ததைச் சொல்கிறேன். பாப்பாரப்பட்டிச் சந்தையில் முப்பது கோழிக்குஞ்சு வாங்கி வந்திருந்தேன். மழைக்குளிர். குஞ்சுகளுக்குச் சூடு காட்டக் கொட்டகையில் நூறு வாட் குண்டு பல்பு கட்டிவிட்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அது அணைந்துவிட்டது. வீட்டில் மற்ற லைட்டெல்லாம் எரிகிறது. நான் உள்ளே போனில் மண்டிக்காரரிடம் தக்காளி விலை பேசிக்கொண்டிருந்தேன். ராணியம்மா கடலைக்காய் பறிக்கக் கூலிக்குப் போயிருந்தாள். பிள்ளை கொட்டகைக்குப் போனது எனக்குத் தெரியாது. சத்தம் கேட்டு ஓடினேன். மெயினை அணைத்துவிட்டுத்தான் தூக்கினேன். ஏரியூர் போய்ச் சேர்வதற்குள்ளேயே முடிந்துவிட்டது. தருமபுரிக்குக் கொண்டுபோனது அறுப்பதற்குத்தான்.

லைன்மேன் வந்து பார்த்தார். "கறுப்பு ஒயர் ஜாயின்ட்ல அந்துபோயிருக்குதுங்க. அதக் கையில முறுக்கப் போயிருக்குது பாப்பா. கறுப்புல கரண்ட் நின்னுருக்குது" என்றார். எனக்கு விளங்கவில்லை. கறுப்பில் கரண்ட் இருக்காது என்று என் பெண்ணே என்னிடம் சொல்லியிருக்கிறாள். பாடத்தில் படித்ததாகச் சொன்னாள்.

ஊரில் என்ன பேசுகிறார்கள் தெரியுமா? "பொட்டப்புள்ளக்கி எதுக்குய்யா கரண்டு வேல? நாலு எழுத்து படிச்சதும் மண்டக்கனம்." இதை என் முகத்துக்கு நேராகவே சொன்னார்கள். என் அண்ணன் சம்சாரம் காரியத்து வீட்டிலேயே சொன்னாள். என் பெண்ணுக்கு மண்டைக்கனமா, டீச்சர்?

நானும் பத்தாவது இரண்டு தடவை எழுதி அறிவியலில் போனவன். புரியும்படியாகச் சொல்லுங்கள். கறுப்பு ஒயரில் கரண்ட் எப்படி வந்தது? அவளுக்கு நீங்கள் என்ன சொல்லிக்கொடுத்தீர்கள்?

மாது


திண்டிவனம்
4-12-2024

மதிப்பிற்குரிய ஐயா,

பிரியதர்ஷினிக்கு மண்டைக்கனம் கிடையாது. அப்படிச் சொல்கிறவர்களுக்கு அவளைத் தெரியாது. என் வகுப்பில் நன்றாகப் படித்த பிள்ளைகளில் அடுத்தவர் நோட்டை வாங்கிப் பிழை திருத்திக்கொடுத்தவள் அவள் ஒருத்திதான்.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். வீட்டுக்கு வரும் ஒயர்களில் சிவப்பு மின்னோட்டக் கம்பி, கறுப்பு நடுநிலைக் கம்பி, அதாவது நியூட்ரல். நியூட்ரல் பூமியோடு இணைக்கப்பட்டிருப்பதால் அதன் மின்னழுத்தம் சுழி. பாடநூலில் உள்ளது இதுதான். எல்லாப் பள்ளியிலும் நடத்துவது இதுதான். நானும் அதைத்தான் நடத்தினேன். எந்த மின்வேலையாக இருந்தாலும் முதலில் மெயினை அணைக்க வேண்டும் என்பதையும் சேர்த்தேதான் சொல்லியிருக்கிறேன். பாதுகாப்பு பற்றிச் சொல்லாமல் நான் ஒரு வருடம்கூட மின்னியல் நடத்தியதில்லை.

வீட்டு ஒயரிங்கில் பல கோளாறுகள் இருக்கலாம். இங்கே உட்கார்ந்துகொண்டு என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. அவசரத்தில் அவள் மெயினை அணைக்க மறந்திருப்பாள். குஞ்சுகள் குளிரில் நடுங்கும் என்ற பதற்றத்தில் பெரியவர்களுக்கே மறந்துவிடும். அவளைக் குறை சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

விடுப்பு முடிந்து ஜனவரியில் வருவேன் என்று தலைமையாசிரியருக்கு எழுதியிருக்கிறேன். வருவேனா என்று எனக்கே தெரியவில்லை. ராணியம்மாவைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

சு. சுசித்ரா


கருங்கல்மேடு
16-12-2024

டீச்சர்,

நீங்கள் எழுதியதைப் படித்தேன். லைன்மேன் பேசினதுகூடப் புரிந்தது, உங்கள் கடிதம் புரியவில்லை. கறுப்பில் கரண்ட் எப்படி வந்தது என்று கேட்டால் பாடநூல், எல்லாப் பள்ளி, பாதுகாப்பு என்று நழுவுகிறீர்கள். நான் என்ன கலெக்டர் ஆபீசில் மனுவா கொடுத்தேன், இப்படிப் பதில் எழுத?

நேற்று அவள் பையை எடுத்தேன். இத்தனை நாள் அதைத் தொடவே விடாமல் ராணியம்மா தலைமாட்டில் வைத்துப் படுத்திருந்தாள். பச்சை அட்டை போட்ட அறிவியல் நோட்டு. அதில் ஒரு பக்கத்தை அப்படியே பார்த்து எழுதுகிறேன்.

"வீட்டு மின்சுற்று. சிவப்பு ஒயரில் கரண்ட் உண்டு. கறுப்பு ஒயரில் இல்லை. கறுப்பைத் தொட்டால் ஷாக் அடிக்காது. இன்று டீச்சர் எல்லார் முன்னாலும் தொட்டுக் காட்டினார்கள். எங்களுக்குப் பயமாக இருந்தது. டீச்சர் சிரித்தார்கள்."

பக்கத்தில் சிவப்பு மையில் பெரிய டிக். "மிக நன்று." கீழே உங்கள் கையெழுத்து, தேதி 26-9-2024.

இது உங்கள் கையெழுத்துத்தானே? இல்லை என்று சொல்லிவிடுவீர்களோ?

தொட்டுக் காட்டினீர்களாமே. எந்த விரலால் தொட்டீர்கள்? அந்த விரல் நன்றாக இருக்கிறதா? என் பெண்ணின் இரண்டு உள்ளங்கையும் எப்படி இருந்தது என்று நான் சொல்லட்டுமா? குளிப்பாட்டும்போது ராணியம்மா பார்த்துவிடக் கூடாது என்று இரண்டு கையிலும் துணி சுற்றிவைத்தேன்.

டிக் போட்டு மிக நன்று எழுதினால் பிள்ளை நம்பத்தானே செய்யும்? "மறந்திருப்பாள்" என்று எழுத உங்களுக்கு எப்படி மனசு வந்தது?

மாது


திண்டிவனம்
2-1-2025

ஐயா,

என் கையெழுத்துத்தான். வலது கை ஆள்காட்டி விரல். அது நன்றாகத்தான் இருக்கிறது.

எட்டு வருடமாக ஒவ்வொரு வருடமும் இதைச் செய்துவருகிறேன். டெஸ்டரைப் பிளக் பாயின்ட்டின் ஒரு ஓட்டையில் வைத்தால் எரியும், இன்னொன்றில் எரியாது. எரியாத பக்கத்து ஒயரை வெளியே இழுத்து, செருப்பைக் கழற்றிவிட்டு, விரலால் தொடுவேன். பிள்ளைகள் "ஐயோ டீச்சர்!" என்று கத்துவார்கள். ஒன்றும் ஆகாததைப் பார்த்துக் கை தட்டுவார்கள். மின்னியல் என்றாலே தூங்கிவழியும் பிள்ளைகள் அன்றைக்கு மட்டும் நிமிர்ந்து உட்காருவார்கள். அந்தக் கைதட்டல் எனக்குப் பிடித்திருந்தது. அதற்காகத்தான் செய்தேன். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை, உங்களிடம் சொல்கிறேன்.

நீங்கள் கேட்டதற்கு இப்போது பதில் சொல்கிறேன். போன முறையே எனக்குப் பதில் தெரியும். எழுதத் துணிச்சல் இல்லாமல்தான் பாடநூல் பின்னால் போய் ஒளிந்துகொண்டேன்.

கரண்ட் சிவப்பு ஒயர் வழியாக வந்து, பல்புக்குள் புகுந்து, கறுப்பு வழியாகத் திரும்பிப் போகிறது. கறுப்பு முழுசாக இருக்கும்வரை அதைத் தொட்டால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. உங்கள் கொட்டகையில் கறுப்பு நடுவில் அறுந்திருந்தது. ஜாயின்ட் தளர்ந்திருந்தால் அந்த இடம் சூடாகும், கருகும், ஒருநாள் விட்டுப்போகும். விட்டுப்போனதும் பல்பு அணைந்துவிடும். ஆனால் சிவப்பில் வந்த கரண்ட் பல்பைத் தாண்டி, அறுந்த நுனிவரைக்கும் வந்து நிற்கும். போக வழியில்லாமல் நிற்கும். பார்ப்பதற்குக் கறுப்பு ஒயர்தான். பல்பும் எரியவில்லை. ஆனால் அந்த நுனி சிவப்பு ஒயருக்குச் சமம். அந்த நுனியை ஒரு கையிலும் இன்னொரு நுனியை மறு கையிலும் பிடித்தால், நடுவில் அறுந்த ஒயருக்குப் பதிலாக உடம்பு இருக்கும்.

இதைக் கண்டுபிடிக்க எனக்குப் பெரிய படிப்பு தேவைப்படவில்லை. அடக்கத்தன்று பஸ்ஸில் வரும்போது டிக்கெட்டின் பின்பக்கம் ஒரு பல்பும் இரண்டு கோடும் வரைந்தேன். பென்னாகரம் வருவதற்குள் புரிந்துவிட்டது. எட்டு வருடத்தில் ஒருநாள் அந்தப் படத்தை நான் வரைந்து பார்த்திருந்தால் போதும்.

ஐயா, உங்கள் மகள் தப்பாக எதையும் செய்யவில்லை. சிவப்பில் கரண்ட் இருக்கிறது, பல்பு நன்றாக இருக்கிறது, அப்படியானால் கோளாறு கறுப்பில்தான் என்று சரியாகக் கண்டுபிடித்திருக்கிறாள். தேர்வில் இந்தக் கேள்வி வந்திருந்தால் முழு மதிப்பெண் போட்டிருப்பேன். நான் சொல்லிக்கொடுத்ததை நம்பினாள், அவ்வளவுதான்.

"மறந்திருப்பாள்" என்று எழுதியது நான் செய்த இரண்டாவது பாவம். செத்துப்போன பிள்ளைமேல் பழியைத் தள்ளிவிட்டுத் தப்பிக்கப் பார்த்தேன்.

ஆனால் ஒன்று மட்டும் எனக்கு விளங்கவில்லை. நீங்கள் எழுதி அனுப்பிய அதே பக்கத்தில் கீழே இன்னொரு வரி இருக்க வேண்டும். நான் கரும்பலகையில் பெரிய எழுத்தில் எழுதிப்போட்டு எல்லாரையும் எழுதவைத்த வரி: "எந்த ஒயரைத் தொடும் முன்னும் மெயினை அணைக்க வேண்டும்." பிரியதர்ஷினி ஒரு வரியை விடுகிற பிள்ளை அல்ல. அந்த வரி நோட்டில் இருக்கிறதா? இருந்தால் அவள் ஏன் மெயினை அணைக்கவில்லை? நம் ஆய்வுக்கூடத்தில் பேட்டரி செல்லைத் தொடுவதற்கே சுவிட்சை அணைக்கட்டுமா என்று இரண்டு தடவை கேட்பாள்.

நான் கருங்கல்மேட்டுக்கு வருகிறேன். ஊர் கூடியிருக்கும் இடத்தில் நின்று இதைச் சொல்கிறேன். தொட்டுக் காட்டியது நான், பிள்ளைமேல் தப்பில்லை என்று சொல்கிறேன். ராணியம்மா காலில் விழுந்து சொல்கிறேன். வேலை போனால் போகட்டும். எந்தத் தேதியில் வரலாம் என்று மட்டும் எழுதுங்கள்.

சுசித்ரா


கருங்கல்மேடு
17-1-2025

டீச்சருக்கு,

கடிதம் கிடைத்துப் பத்து நாளுக்கு மேல் ஆகிறது. பொங்கல் போகட்டும் என்று இருந்தேன். எங்கள் வீட்டில் இந்த வருடம் பொங்கல் இல்லை. மாட்டுக்கு மட்டும் ராணியம்மா தண்ணீர் தெளித்துப் பொட்டு வைத்தாள்.

அந்த வரி நோட்டில் இருக்கிறது. நீங்கள் சொன்ன மாதிரியே பெரிய எழுத்தில் எழுதி, அடியில் ஸ்கேல் வைத்து இரண்டு கோடு போட்டிருக்கிறாள். நான்தான் உங்களுக்கு எழுதவில்லை. மேலே இருந்ததை மட்டும் பார்த்து எழுதிவிட்டு நோட்டை மூடிவிட்டேன்.

உங்கள் கடிதத்தை நாலு தடவை படித்தேன். உண்மையை எழுதிவிட்டீர்கள். நானும் எழுதிவிடுகிறேன். வாயால் சொல்ல எனக்கு ஆள் இல்லை.

கொட்டகைக்கு அந்த லைனை இழுத்தது நான். வீட்டிலிருந்து நேராக இழுத்துவிட்டேன், சுவிட்ச் வைக்கவில்லை. ஜாயின்டை முறுக்கி மேலே பிளாஸ்டிக் கவரைச் சுற்றினதும் நான்தான். அந்தப் பல்பை அணைக்க வேண்டுமென்றால் வீட்டு மெயினைத்தான் அணைக்க வேண்டும்.

என் போனுக்குப் பேட்டரி செத்துப்போய் ஆறு மாதம். சார்ஜர் குத்தியிருந்தால்தான் பேசும், ஒயரைப் பிடுங்கினால் அணைந்துவிடும். அன்றைக்கு மண்டிக்காரர் லைனில் இருந்தார். இரண்டு நாளாகப் பிடித்து அன்றைக்குத்தான் கிடைத்தார்.

பிள்ளை உள்ளே வந்தாள். கையில் டெஸ்டர். "அப்பா, கறுப்பு ஒயருதான் அந்துருக்குது. முறுக்கி உட்டாப் போதும். மெயின ஆஃப் பண்ணிக்கட்டா?" என்று கேட்டாள். நான் போனைக் காட்டிக் கையை ஆட்டினேன், வேண்டாம் என்று. போனாள். திரும்பவும் வந்தாள். "ரெண்டே நிமிசம்ப்பா. ஆஃப் பண்ணிட்டு உடனே போட்டுர்றேன்" என்றாள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. போனைக் கையால் மூடிக்கொண்டு, "ஆருகிட்டப் பேசிட்டு இருக்கறேன்னு தெரீல? மண்டிக்காரர் போனு அந்துபோச்சுன்னா நீ புடிச்சுத் தருவியா? அதான் கறுப்புல கரண்ட் இருக்காதுன்னு நீயேதான சொன்ன, போ" என்றேன்.

"சரிப்பா, நியூட்ரல்தான. டீச்சரே தொட்டாங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். அவள் என்னிடம் கடைசியாகப் பேசியது அதுதான்.

அவள் கொட்டகைக்குப் போனது தெரியாது என்று உங்களுக்கு எழுதினேனே, அது பொய். போலீசுக்கும் அதைத்தான் சொன்னேன். அண்ணனுக்கும் ராணியம்மாவுக்கும் அதைத்தான் சொன்னேன். உங்களைத் திட்டித் திட்டி எழுதினேன். எழுதும்போது கொஞ்சம் பாரம் குறைகிற மாதிரி இருந்தது, அதனால்தான் எழுதினேன்.

அவள் உங்களிடம் இரண்டு தடவை கேட்பாள் என்று எழுதியிருந்தீர்கள். என்னிடமும் இரண்டு தடவைதான் கேட்டாள்.

நீங்கள் வர வேண்டாம், டீச்சர். கும்பிட்டுக் கேட்கிறேன். நீங்கள் வந்து நின்று தொட்டுக் காட்டினது நான் என்று சொன்னால், அடுத்து யாராவது மெயினைப் பற்றிக் கேட்பார்கள். சொல்லிக்கொடுத்தேன் என்பீர்கள். நோட்டைத் திறந்து காட்டச் சொல்வார்கள். அந்த இரண்டு கோட்டைப் பார்த்தால் ராணியம்மா என் பக்கம் திரும்புவாள். அவளுக்கு இப்போது நான் ஒருத்தன்தான் இருக்கிறேன். எனக்கும் அவள் ஒருத்திதான். இதைத் தெரிந்துகொண்டு அவள் என்னோடு ஒரே வீட்டில் இருக்கமாட்டாள். இருந்தாலும் நான் இருக்கமாட்டேன்.

ஊர் மண்டைக்கனம் என்றே பேசட்டும் என்று விட்டுவிட்டேன். இதை எழுத எனக்குக் கை கூசுகிறது. பெற்ற அப்பன் நான்.

மறுபடி வகுப்புக்குப் போவதா வேண்டாமா என்று நீங்கள் கேட்கவில்லை, கேட்டாலும் சொல்ல எனக்குத் தகுதி கிடையாது. போனால் அந்த வரியோடு நிறுத்திவிடாதீர்கள். மெயினை அணைக்க வேண்டாம் என்று அப்பாவே சொன்னாலும் அணைக்க வேண்டும் என்று எழுதிப்போடுங்கள். எந்த அப்பா என்று கேட்டால் சொல்லாதீர்கள்.

உங்கள் கடிதங்களை அடுப்பில் போட்டுவிட்டேன். இதையும் படித்துவிட்டு நீங்கள் அப்படியே செய்துவிடுங்கள். நோட்டை எரிக்கக் கை வரவில்லை. பரண்மேல் விதைச் சாக்குக்கு அடியில் வைத்திருக்கிறேன். இனிமேல் எனக்கு எழுத வேண்டாம்.

முந்தாநாள் ராணியம்மா சோறு போட்டுக்கொண்டே மறுபடி கேட்டாள். மூன்று மாதமாக ஒரே கேள்விதான். "ஏய்யா, மெயின ஆஃப் பண்ணோணும்னு அந்தப் புள்ளக்கித் தெரியாமயா இருந்திருக்கும்? மறக்கற புள்ளயாய்யா அது?"

நீங்கள் அன்றைக்கு எழுதிய வார்த்தைதான் எனக்கு வாயில் வந்தது. தட்டைப் பார்த்துக்கொண்டே, "மறந்துட்டாடி" என்றேன்.

மாது